கடிக்கிற பெட்டி

என் குரலுக்குப் பின்னால் ஒரு வண்டு குடியிருக்கிறது என்று முதலில் சொன்னவள், என் வீட்டு வாசலை அதுவரை மிதித்திராத ஒரு பெண். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிறவளின் தங்கை. பிறவியிலேயே பார்வையில்லாதவள். மாகறலில் பிறந்து, விடுதியில் தங்கிப் பட்டம் படித்து, ஆசிரியர் பணிக்கான தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டு, உத்திரமேரூரில் இருந்த அக்காளோடு வந்து தங்கியிருந்தாள். மூன்றாவது முறை எழுத இன்னும் நான்கு மாதம் இருந்தது. இதையும் தவறவிட்டால், அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவள் வயது வரம்பைக் கடந்துவிடுவாள்.

அவள் படிக்க வேண்டிய வரலாற்று நூல்கள் ஆறும் பழைய அச்சு. வாசித்துக் காட்டும் மென்பொருளிடம் கொடுத்தால் அது பத்திக்குப் பத்தி தடுக்கி விழுந்தது. எனவே ஒரு மனிதக் குரல் தேவைப்பட்டது. நான் நூலகத்தில் முப்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த முப்பதாண்டும் பிறரைப் பேசாதீர்கள் என்று சொல்லியே கழித்ததால், பேசுவதற்கு எனக்கு நிறைய மிச்சம் இருந்தது. நானே படித்துப் பதிவு செய்து தருகிறேன் என்றேன். என் உச்சரிப்பைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

கைபேசியில் முதலில் பதிந்து பார்த்தேன். தெருவில் போகிற டிராக்டர் முதல் எதிர்வீட்டு மிக்சி வரை என்னோடு சேர்ந்து பாடம் படித்தன. அதனால் வாய்க்கு நேரே வைத்துப் பேசுகிற மைக் ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த கணினியில் செருகினேன். தெருவை அந்த மைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டை மட்டும் மிக நன்றாகக் கேட்டது.

முதல் நூலை முடித்துப் பென் டிரைவில் ஏற்றி அக்காளிடம் கொடுத்தனுப்பிய மறுநாள் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அம்மா, கோச்சிக்காதீங்க. உங்க கொரலு ரொம்ப நல்லாகீது. ஆனா பின்னால ஒரு வண்டு உக்காந்துகினு கீது.”

“வண்டா? ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தானே படித்தேன்?”

“ஜன்னல் வண்டு இல்லமா, கரண்ட்டு வண்டு. நீங்க மூச்சு வாங்குற எடத்துல கூட அது மூச்சு வாங்கல.”

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இருந்தது. அடித்தொண்டையில் ஒரு ‘ம்ம்ம்’. அதன் மேல் மெல்லியதாக ஒரு ‘ஙீஙீ’. எனக்கு அது பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றவில்லை. ஆனால் அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவள். அந்த வேகத்தில் வண்டு கொசுவாகிவிடும். இரண்டு மணி நேரம் கேட்டால் தலைவலி வந்து, அன்று முழுவதும் பாடம் நின்றுவிடும். அவள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கேட்டாக வேண்டும். நான் படிப்பதை நிறுத்த முடியாது, அவளால் கேட்க முடியாது என்ற நிலையில், எங்கள் வீட்டில் வண்டு பிடிக்கும் படலம் தொடங்கியது.

என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு மின்பொறியியலை யூடியூபில் பயின்றவர். ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் சிகிச்சையை ஆரம்பித்தார். முதலில் ஒரு மென்பொருள். அது இரைச்சலைத் தேடித் துடைத்துவிடும் என்றார். துடைத்தது. கேட்டுவிட்டுத் தங்கை சொன்னாள்:

“வண்டு போச்சுமா. கூடவே நீங்களும் போய்ட்டீங்க. கெணத்துக்குள்ள உக்காந்துகினு படிக்கிற மாதிரி கீது.”

அடுத்து வளையங்கள் வந்தன. கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி ஒன்று இருக்கிறதாம். அது வீட்டு மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கி, வேண்டிய அளவில் கணினிக்குப் பரிமாறுகிறதாம். நறுக்கும்போது சிதறுகிற துண்டு துணுக்குகள் கம்பி வழியே வீடெங்கும் ஓடுமாம். கம்பியைக் கருப்பு நிறக் காந்த வளையத்துக்குள் நுழைத்துவிட்டால் துணுக்குகள் அங்கேயே அடங்கிவிடுமாம். இவ்வளவும் உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எங்கள் வீடு சாட்சி. கணினி, மிக்சி, குளிர்பதனப்பெட்டி, பூஜை அறையின் சீரியல் பல்பு என்று எல்லாக் கம்பிகளின் கழுத்திலும் வளையம் ஏறியது. வீட்டுச் சாமான்கள் அனைத்துக்கும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்தாற்போலிருந்தது. மெல்லிய ‘ஙீஙீ’ கொஞ்சம் குறைந்தது. ‘ம்ம்ம்’ அசையவில்லை.

கடைத்தெருவில் கணினி விற்பவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மின்மாற்றிப் பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்தார். “லைட் வெயிட்டு மேடம். நல்ல சப்ளைன்னா கை வலிக்கணும்” என்று சொல்லி, கை வலிக்கும் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். புதுப் பெட்டிக்குள் பழைய வண்டு சௌக்கியமாகக் குடியேறியது.

பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். அறையிலிருந்த மலிவு எல்.இ.டி. பல்பை அணைத்தபோது ஒரு துளி குறைந்தது. மின்விசிறியின் ரெகுலேட்டரை அணைத்தபோது இன்னொரு துளி. ஆகவே சித்திரை வெயிலில், விசிறியில்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், முகத்திலிருந்து வியர்வை நூலின் மேல் சொட்டச் சொட்ட நான் பல்லவர் காலத்து நீர்ப்பாசனத்தைப் படித்தேன். துளிகளைக் கழித்த பிறகும் ‘ம்ம்ம்’ மிச்சமிருந்தது. இரண்டு மாதங்கள் போய்விட்டன. நான்கு நூல்கள் பதிவாகியிருந்தன, நான்கும் வண்டோடு.

கடைசியாக, வீட்டுக்கு ஒயரிங் செய்தவரையே வரவழைத்தோம். வந்ததும் அவருடைய மானத்தை முதலில் பாதுகாத்துக்கொண்டார்.

“நம்ம வேலைல எர்த்து இல்லாம இருக்குமாம்மா? பாருங்க.” சுவரிலிருந்த ஒரு மூன்று துளைப் பிளக் பாயின்ட்டைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சை ஒயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். “எல்லா பாயின்ட்லயும் பச்ச கீது. பக்கா.”

எல்லாவற்றிலும் பச்சை இருந்தது. அந்தப் பச்சை எங்கே போய் முடிகிறது என்று படித்த நாங்கள் இருவரும் கேட்கவில்லை. போட்டவரும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் சில ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கணினி வாங்கிய நாளிலிருந்து அக்காள் அதைத் துடைக்க மறுத்துவந்தாள்.

“அந்த பொட்டி கடிக்குதும்மா.”

“பெட்டி எப்படிக் கடிக்கும்?”

“பல்லு இல்லாமயே கடிக்குது. கைய வெச்சா சுர்ருங்குது.”

நான் என் கையை வைத்துக் காட்டினேன். ஒன்றும் கடிக்கவில்லை. துணியும் துணியும் உரசினால் உண்டாகும் நிலைமின்சாரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பயந்துகொண்டே தொட்டால் தொட்டதெல்லாம் கடிப்பது போலத்தான் இருக்கும், அது மனப்பிரமை என்றும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டு, “செரிம்மா” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் துடைக்காமலே போனாள். அதன் மேல் படிந்த தூசியை அவளுடைய அறியாமையின் அளவுகோலாக நான் வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குதிகால் வலிக்காக மருத்துவர் சொன்னதிலிருந்து நான் வீட்டுக்குள் மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிந்தே நடப்பேன். என் கணவரும் அப்படியே. அக்காள் தன் செருப்பை வாசலுக்கு வெளியே, எங்கள் செருப்புகளுக்கும் ஓரடி தள்ளி விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வருவாள். அப்படிச் செய் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. கேட்டால், நாங்கள் அப்படியெல்லாம் பார்ப்பவர்கள் இல்லை என்று நம்பிக்கையோடு பதில் சொல்லியிருப்பேன். எங்கள் தரை சிமென்ட் தரை. அவள் ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே நகர்வாள்.

தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் தங்கை மறுபடியும் அழைத்தாள். குரலில் ஒரு பரபரப்பு.

“அம்மா, மூணாவது புத்தகம், நம்ம ஊரு கல்வெட்டு வர பாடம். அதுல ஒரு எடத்துல வண்டு நின்னுடுச்சுமா.”

“நின்றுவிட்டதா?”

“செத்த நேரந்தான். நாலு எண்ணுறதுக்குள்ள. அப்பறம் அக்கா கத்துது. கத்துனதும் வண்டு திரும்ப வந்துடுது. பத்து வாட்டி கேட்டுட்டேன். எப்பவும் அதே எடந்தான்.”

நானும் கணவரும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டோம். குடவோலை முறையில் சபைக்கு நிற்பவருக்கான தகுதிகளை நான் படித்துக்கொண்டிருக்கிறேன். கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் உடையவராக இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ‘சொந்த மனையில்’ என்ற இடத்தில் ‘ம்ம்ம்’ சட்டென்று அடங்குகிறது. என் குரல் மட்டும், இரண்டு மாதமாக நான் ஆசைப்பட்ட மாதிரி, கழுவித் துடைத்தாற்போல் ஒலிக்கிறது. அடுத்த நொடி, “ஐயோ! கடிக்குதும்மா!” என்று அக்காளின் குரல். வண்டு திரும்பிவிடுகிறது. அதைத் தொடர்ந்து என் குரல், மிகத் தெளிவான உச்சரிப்பில்: “சும்மா இரு. பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.” பிறகு நான் அடுத்த தகுதிக்குப் போகிறேன்.

எனக்கு அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. தூசியைப் பார்க்கச் சகிக்காமல், இன்று துடைத்தே ஆக வேண்டும் என்று நான்தான் அவளை அதட்டியிருந்தேன்.

மறுநாள் அவள் வந்ததும், பெட்டியை ஒருமுறை தொட்டுக் காட்டச் சொன்னேன். அவள் தரை துடைக்கிற துணியைப் பிழிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் இன்னாத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே. நீங்க தொடுங்க. அந்த ரப்பர கழட்டி வெச்சிட்டு.”

செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் துடைத்து ஈரம் காயாத தரையில் நின்றேன். அத்தனை ஆண்டுகளில் அந்தத் தரையின் குளிர்ச்சி என் காலில் படுவது அதுதான் முதல்முறை. புறங்கையைப் பெட்டியின் இரும்பு விளிம்பில் வைத்தேன். முழங்கை வரை சுரீரென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

“கடிச்சிதா?”

“கடிச்சுது.”

“பாத்துமா. மனசுல பயந்துகினு தொட்டிருப்பீங்க.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும்.

ஒயரிங் செய்தவர் மறுபடியும் வந்தார். இந்த முறை டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்ததும் அதன் விளக்கு மினுக்கென்று எரிந்தது. அவர் முகம் அணைந்தது. கணினியின் உடம்பில் கசிகிற மின்சாரத்தையும் இரைச்சலையும் பச்சை ஒயர் பூமிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் அது பெட்டியிலேயே உட்கார்ந்துகொண்டு, மைக் வழியே பாடுமாம். வெறுங்காலோடு யாராவது தொட்டால் அவர் உடம்பே வழியாகிவிடுமாம். இத்தனை காலமாக எங்கள் வீட்டின் எர்த், வாரத்துக்கு ஏழு நாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து, பத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

பச்சை ஒயரைத் தொடர்ந்து போனோம். எல்லா அறைகளிலிருந்தும் வந்து மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் சேர்ந்தது. அங்கிருந்து தடித்த இரும்புக் கம்பியாகி, பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. வெளியே வந்து, கொல்லையின் குறுக்கே நீண்டு, தென்னை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. நடுவில் என் இரண்டு புடவைகளும் கணவரின் ஒரு வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன.

நினைவுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எர்த் குழி எடுக்க வேண்டிய மூலை ஈசானியம். அங்கே பள்ளம் தோண்டி இரும்பு இறக்கக் கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொல்லியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால், கம்பியை வெளியே சுருட்டிப் போட்டுவிட்டு, ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று ஒயரிங் செய்தவர் கிளம்பியிருந்தார். குடிவந்த இரண்டாம் நாள், துணி உலர்த்தக் கொடி இல்லையே என்று கணவரை நச்சரித்தவள் நான். சும்மா கிடந்த கம்பியை இழுத்துத் தென்னையில் கட்டியவர் அவர். வாஸ்துவை நம்புகிறவர்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். எங்கள் வீட்டு மின்சாரப் பாதுகாப்பைப் பன்னிரண்டு ஆண்டுகளாக என் ஈரப்புடவைகளை நம்பி விட்டுவைத்திருந்தேன்.

அக்காள் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டே சொன்னாள்: “மழ பேஞ்சா இதுவுந்தான் கடிக்கும்.”

“இதை ஏன் சொல்லவில்லை?”

“பொட்டிய சொன்னதுக்கே அவ்ளோ நேரம் பாடம் எடுத்தீங்க. கொடிய சொன்னா அதுக்கும் எதுனா படிச்சிட்டு வருவீங்க, எதுக்கு பேஜாருன்னு வுட்டுட்டேன்.”

குழி எங்கே என்பதில் கணவருக்கு மறுபடியும் தயக்கம் வந்தது. வாஸ்துக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றார். ஒயரிங் செய்தவர், தன் தவற்றைக் கழுவிக்கொள்ளும் வேகத்தில், “சார், கரண்ட்டுக்கு ஈசானியம்லாம் தெரியாது சார்” என்றார். துவைக்கிற கல்லின் தண்ணீர் வந்து விழும் அதே மூலையில் ஆளுயரத்துக்குக் குழி எடுக்கச் செய்தேன். அடுப்புக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவே குழாய் இறக்கி, கம்பியைத் தென்னையிலிருந்து விடுவித்து அதனோடு முறுக்கினார். வெயில் காலத்தில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். கொடிக்கு நைலான் கயிறு வந்தது.

அன்று பிற்பகல் பதிவு செய்தேன். ‘ம்ம்ம்’ இல்லை. நூலிழையாக ஒரு ‘ஙீ’ மட்டும் இருந்தது. மைக்கின் கம்பியும் மின்கம்பியும் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று தழுவிக் கிடந்ததைப் பார்த்து, கணவர் அவற்றை முழ தூரத்துக்குப் பிரித்தார். பிறகு மிக்சியின் கழுத்திலிருந்த வளையங்களைக் கழற்றி வந்து மைக் கம்பியில் போட்டார். அந்த ‘ஙீ’யும் போய்விட்டது. வாங்கிய வளையங்களில் இரண்டுக்கு நிஜமாகவே வேலை கிடைத்தது. அந்த இரண்டை முன்னிட்டு மற்றவற்றைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

தேர்வுக்கு முப்பத்தெட்டு நாட்கள் இருந்தன. படிக்காத நூல்கள் இரண்டு. மறுபடி படிக்க வேண்டியவை நான்கு. எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்று தங்கையிடம் சொன்னேன். அவள் கணக்காகப் பதில் சொன்னாள்: புதிய இரண்டையும் முதலில் படியுங்கள், பிறகு முதல் நூலையும் மூன்றாம் நூலையும், மற்ற இரண்டை வண்டோடு கேட்டுக்கொள்கிறேன், பழகிவிட்டது.

‘பழகிவிட்டது’ என்ற சொல் எனக்கு உறைத்தது. இரைச்சலுக்கு அவள் பழகியிருந்தாள், கடிக்கு அக்காள் பழகியிருந்தாள். நான் பழக வேண்டியிருந்தது சொன்னதைக் கேட்பதற்கு. அது அறுபது வயதுக்கு மேல் சற்றுக் கடினமான பாடம். காலை, மாலை இரு வேளையும் படித்தேன். விசிறியைக் குறைந்த சுற்றில் ஓடவிட்டுக்கொள்ளும் சலுகைகூட இப்போது கிடைத்திருந்தது. தொண்டை கட்டிய நாட்களில் அக்காள் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, “மெதுவா படிங்க, தங்கச்சி வேகமாத்தான கேக்குது” என்பாள். தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு, வண்டில்லாத நான்காவது நூலும் பென் டிரைவில் போய்ச் சேர்ந்தது.

தேர்வு எழுதி வந்த மாலை தங்கை அழைத்தாள். தலைவலி வரவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னாள். வண்டோடு கேட்ட நூல்களிலிருந்து வந்த கேள்விகளில் இரண்டு நழுவிவிட்டன என்றாள். நான் அந்த இரண்டையும் பட்டியல் வெளியான நாள்வரை மனத்துக்குள் கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் அவள் எண் இருந்தது. செய்தியைக் கொண்டுவந்த அக்காள், வாசலில் நின்று சொல்லிவிட்டு, வழக்கம்போலச் செருப்பை ஓரடி தள்ளி விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தாள்.

நான் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வைத்திருந்தேன். எங்களுடையதைப் போன்றதே. அதை வாசற்படிக்கு உட்புறம் எடுத்து வைத்தேன்.

“இன்னாம்மா இது?”

“உனக்குத்தான். உள்ளே போட்டுக்கொண்டு வேலை செய். தரை சில்லென்று இருக்கிறது.”

அவள் அதைக் கையில் எடுத்து, வளைத்துப் பார்த்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

“கடிச்சப்ப குடுத்திருந்தா போட்டுக்கினு இருப்பேன். இப்பதான் ஒண்ணும் கடிக்கலியே.”

பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். “தங்கச்சிக்கு குடுக்கறேன்மா. வேலைல சேரப் போறதுக்கு ஆவும்” என்று சொல்லிச் செருப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாளியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள், போகிற போக்கில் கணினியின் தலையில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பால் கறந்து முடித்த மாட்டைத் தட்டுவது போல. அது பேசாமல் இருந்தது.